பெயர் அறியப்படாத மீனவரின் தோணி

ஜூலை 3, வியாழன்

அருங்காட்சியகத்தில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டதால் உள்ளங்கையில் தொடங்கி முழங்கைவரை எழுதிக்கொண்டு வந்தேன். வியர்வையில் அழிவதற்குள் இங்கே ஏற்றிவிடுகிறேன்.

'ஏரித் தோணி. சுமார் நூறு ஆண்டுகள் பழமையானது. பெயர் அறியப்படாத மீனவர் ஒருவருக்குச் சொந்தமானது. இருக்கைப் பலகையில் காணப்படும் நீலக் கறை, அக்காலத்தில் இவ்வூரில் நடைபெற்ற சாய வணிகத்தின் தடயமாக இருக்கலாம்.'

முதல் இரண்டு சொற்கள் மட்டும் உண்மை. மீதி எல்லாம் பொய்.

அந்தத் தோணிக்கு என் வயதுகூட ஆகவில்லை. நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா அதைக் கட்டினார். நீலக் கறை, ஐந்தாம் வகுப்பில் மை பேனாவில்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னதால் நான் தோணியில் உட்கார்ந்து மை நிரப்பும்போது கொட்டியது. அரை பாட்டில். அப்பா திட்டவில்லை. "வுடு, தோணிக்கும் கொஞ்சம் படிப்பு ஏறட்டும்" என்றார். மீனவரின் பெயர் எல்லப்பன். புன்னைத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் பழைய உப்புக் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்துக் கடல்வழி வரலாற்று அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். இம்மாதம் 27ஆம் தேதி திறப்பு விழா. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேரை எடுக்கிறார்கள் என்று வரலாறு எடுக்கும் ஹெப்சிபா டீச்சர் ஒன்பதாம் வகுப்பை அழைத்துப் போனார். நான் நேற்றிரவு தூங்கவே இல்லை, அவ்வளவு ஆசை. முதல் கூடத்தில் நங்கூரங்கள், கல் ஜாடிகள், பூப்போட்ட பீங்கான் தட்டுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் பொம்மைகள். எல்லாப் பலகையையும் நின்று படித்தேன். என் தோழி நஸ்ரின் பின்னலைப் பிடித்து இழுத்து, "நகருடி, பின்னாடி ஊரே நிக்குது" என்றாள். வெளிநாட்டுக் கப்பல் தலைவர் ஒருவரின் பெயர் இருந்தது. அவர் மனைவியின் பெயர் இருந்தது. அவர் வளர்த்த நாயின் பெயரும் இருந்தது.

கடைசிக் கூடத்தில் பெரிய தார்ப்பாய். "திறப்பு விழா வரைக்கும் யாருக்கும் காட்டல. நீங்கதான் முதல்ல பாக்கறீங்க" என்று காப்பாட்சியர் சபரிநாதன் சார் பாயை விலக்கினார். வெளிப்புறம் முழுக்கக் கறுப்பாக எதையோ பூசியிருந்தார்கள். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"டீச்சர், இது எங்க தோணி" என்றேன். டீச்சர் சிரித்தார். "தோணின்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்." பிறகு மூன்று பேரில் முதல் பெயராக என் பெயரைச் சொன்னார். பவதாரணி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நஸ்ரின் சொல்கிறாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். சாய்த்த சொம்பு அப்படியே நின்றது.

"எவ சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். நம்ம தோணிம்மா."

"நம்ம தோணிதான் புயல்ல செதறிப் போச்சே. நான்தானே பொறுக்கியாந்து அடுப்பெரிச்சேன்?"

"மைக்கறை கீதும்மா."

"ஊர்ல உன் ஒருத்திகிட்டதான் மை கீதா? போய்ச் சோத்தைப் போடு."

பிறகு மறுபடியும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். இறால் வாசனை போகவில்லை போலிருக்கிறது.

ஜூலை 5, சனி

அது எங்கள் தோணிதான் என்றால் யாரோ திருடியிருக்க வேண்டும். யார் என்று யோசித்தேன்.

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எங்கள் ஊர் வழக்கத்தை எழுதுகிறேன். புன்னைத்துறையில் ஏரி யாருக்கும் சொந்தமில்லை. நாள்தான் சொந்தம். மீன் நன்றாக விழும் இடத்துக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி, எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்று பிரிப்பார்கள். பெண்களுக்குச் சீட்டு கிடையாது. பெண்கள் துடுப்பைத் தொடவும் கூடாது. தொட்டால் ஏரி வற்றிவிடுமாம்.

ஆண் பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்துபோனால் அவருடைய நாள் அண்ணன் தம்பிக்குப் போகும். அவருடைய தோணியும் போகும். தோணியை எடுத்துக்கொள்கிறவர் அந்த வீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் 'பொறுப்பு' என்று பெயர். சாப்பாடு போடுவது, துணி எடுப்பது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். தோணி இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை.

அப்பா இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகையில் மஞ்சள் காமாலையில் இறந்தார். கருமாதி முடிந்ததும் தேசப்பன் பெரியப்பா தோணியை எடுத்துக்கொள்வதாகப் பஞ்சாயத்தில் பேச்சு முடிந்தது. அந்த வாரமே புயல். ஊரே புயல் பாதுகாப்புக் கூடத்தில் இருந்தது. திரும்பி வந்தபோது தோணி உடைந்துவிட்டதாக அம்மா சொன்னாள். பெரியப்பா அப்பாவின் நாளை மட்டும் எடுத்துக்கொண்டார். எங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டியது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா அழவே இல்லை. அவளுக்குத் தைரியம் அதிகம்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளி விட்டதும் தனியாக அருங்காட்சியகத்துக்குப் போனேன். சபரிநாதன் சார் காரச்சேவு தின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்தத் தோணி எங்க அப்பாவோடது."

"எந்தத் தோணிம்மா?"

"நீங்க ஒண்ணுதான் வச்சிருக்கீங்க."

பொட்டலத்தை மடித்தார். நூறு வருடம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். பார்த்தாலே தெரியும் என்றார். நீலக்கறை நான் கொட்டிய மை என்றேன். "அது சாயமாவும் இருக்கலாமில்லையா? ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு" என்றார்.

"நான்தான் சார் கொட்டினேன். என்னை ஆராய்ச்சி பண்ணுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இங்க பாரும்மா, இதை வெளியில பேசாத. கஸ்தூரிம்மா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "உங்கம்மாகிட்ட சொல்லு, நான் பாத்துக்கறேன்னு. நீ இதை மனப்பாடம் பண்ணு." திறப்பு விழாவில் நான் பேச வேண்டியதைத் தட்டச்சு செய்த தாளைக் கையில் கொடுத்தார். அதிலும் அதே பெயர் அறியப்படாத மீனவர்தான்.

அம்மாவின் பெயர் இவருக்கு எப்படித் தெரியும் என்று வழியெல்லாம் யோசித்தேன். சின்ன ஊர். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அப்பாவை மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

ஜூலை 11, வெள்ளி

அம்மாவோடு பேசவில்லை. நெத்திலிக் குழம்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், பேசாமலே.

ஜூலை 14, திங்கள்

என் திட்டம் இதுதான். 27ஆம் தேதி ஒலிவாங்கி என் கையில் வரும். கலெக்டர் அம்மா எதிரில் நிற்பார். தாளில் இருப்பதைச் சொல்லாமல் அப்பாவின் பெயரைச் சொல்லப் போகிறேன். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் நஸ்ரினை நிற்க வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"சூப்பரா கீதுடி" என்றாள் நஸ்ரின். "ஆனா நீ கத்தற கத்துல கலெக்டரம்மா போலீசைக் கூப்புடுவாங்க. கொஞ்சம் மூச்சு வுட்டுப் பேசு."

"கோவம் வருது."

"கோவத்தை எல்லா வரியிலயும் போடாதடி. பிரியாணியில உப்பு மாதிரி. ஒரே எடத்துல கொட்டினா எவ துண்ணுவா?"

திரும்பி வரும்போது அருங்காட்சியகத்தின் பின்பக்க வாசலிலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காவல்காரருக்கு மீன் கொடுக்கப் போனாளாம். கையில் கூடை இல்லை. எல்லாம் விற்றுப்போய்க் கூடையையும் அங்கேயே விட்டுவிட்டாளா என்று கேட்டேன். "இன்னாத்துக்கு உனக்கு அதெல்லாம்" என்றாள்.

ஜூலை 16, புதன்

பெரியப்பா டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். அவர் எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தருவார். இன்றும் வாங்கித் தந்தார்.

"இன்னா பாப்பா, கலெக்டருக்கே பாடம் எடுக்கப் போறியாமே? நான் மொத வரிசையில குந்திக்கினு கேப்பேன். பஞ்சாயத்துக்காரங்களுக்கெல்லாம் பத்திரிகை வச்சிக்கிறாங்க."

"வாங்க பெரியப்பா."

"உங்கப்பன் இல்லாம போயிட்டான், பாத்துப் பூரிச்சிருப்பான். சரி, பத்தாவதோட போதும் இன்னா? மலருக்கு எட்டாவதே ஜாஸ்தின்னு நெனச்சேன், நீ கெட்டிக்காரி. நம்ம வசந்தன் புது பைபர் போட்டு எறக்கிக்கிறான், தெரியுமில்ல?"

வசந்தன் பெரியம்மாவின் தம்பி. மீசை வைத்திருக்கிறான். அவன் படகைப் பற்றி என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? மலர் அக்கா, பெரியப்பாவின் மகள், பதினேழு வயதில் கல்யாணமாகிப் பக்கத்துக் குப்பத்தில் இருக்கிறாள். நான் மிட்டாயை நஸ்ரினுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பல் வலிக்கவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

இன்று அம்மா என்னை அறைந்தாள். இதுவரை அறைந்ததில்லை.

துணி துவைக்கும்போது என் திட்டத்தைச் சொன்னேன். நீ பயந்தாங்கொள்ளி, அப்பா பெயரை எவனோ அழித்திருக்கிறான், நீ கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறாய், நான் கலெக்டர் முன்னால் சொல்லத்தான் போகிறேன் என்றேன். ஈரக்கையால் அறைந்தாள். சோப்பு நுரை என் காதுக்குள் போய்விட்டது. பிறகு அவளே தன் முந்தானையால் காதைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எவனும் அழிக்கல. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

என் கையிலிருந்த துணியை வாளியில் போட்டேன்.

"புயல் ஓஞ்ச அன்னிக்குக் காலையில எல்லாம் கூடத்துலயே இருந்தீங்க. நான் மட்டும் வந்து பாத்தேன். தோணி கட்டினது கட்டினபடி கீது. ஒரு கீறல் இல்ல. எனக்கு அழுகையா வந்துச்சு. ஏன்டா ஒடையலன்னு."

"ஒடையணும்னு நெனச்சியா?"

"பின்ன? அது இருந்தா உங்க பெரியப்பா எடுப்பாரு. எடுத்தா நம்ம ரெண்டு பேரையும் எடுப்பாரு. மலரைப் பாத்தியா இல்லியா நீ? அந்தப் பொண்ணு எப்படிப் படிச்சிக்கினு இருந்துச்சு." நுரையைத் தரையில் வழித்துப் போட்டாள். "அப்ப இந்த சபரிநாதன் சார் ஊரெல்லாம் பழைய தோணி கேட்டுக்கினு திரிஞ்சாரு. ஒருத்தனும் தரல. நான் துடுப்பு புடிச்சு அக்கரைக்குக் கொண்டுபோய் வுட்டேன்."

"நீயா? துடுப்பா?"

"உங்கப்பன் கத்துக்குடுத்தான், கல்யாணமான புதுசுல. யாரும் இல்லாத எடத்துல." அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே சரியாகிவிட்டது. "பட்டணத்துல பெரிய ம்யூசியத்துக்கு அனுப்பறேன்னாரு. பேரு வேணாம், ஊரு வேணாம்னு சொன்னேன். சரின்னாரு. காசு குடுக்க வந்தாரு, வாங்கல. இப்ப இன்னாடான்னா இங்கியே கொட்டாய் கட்டி நடுவுல வச்சிக்கினு நிக்கறாரு. மாத்துங்க சார்னு போய்க் கால்ல வுழாத குறையா கேட்டேன். அதுதான் முக்கியமான பொருளாம். பழைய தோணின்னு பத்திரிகையில போட்டுட்டாங்களாம்."

"கறுப்பா எதையோ பூசிக்கிறாங்கம்மா."

"அதான் நான் கேட்டு பூசினது. நூறு வருசம், சாயம், அதெல்லாம் அந்த ஆளு சொந்தமா போட்டுக்கினது."

அதனால் 27ஆம் தேதி நான் தாளில் இருப்பதை மட்டும் படிக்க வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டு படிக்க வேண்டுமாம். அப்படியே சொன்னாள்: "வாயை மூடிக்கினு படி."

ஜூலை 20, ஞாயிறு

யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. சபரிநாதன் சார்மீது இருந்த கோபம் பாதி வீணாகிவிட்டது. மிச்சத்தை எங்கே வைப்பது?

அம்மாமீது கோபம். எனக்காகத்தான் செய்தாள். என்னைக் கேட்டாளா? நான் அப்பாவின் பெயரை விற்றுப் படிக்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இரண்டு வருடம் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாமீது கோபம், ஆனால் அவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. வழக்கத்தின்மீது கோபம், ஆனால் வழக்கத்துக்கு முகம் கிடையாது, கன்னத்தில் அறைய முடியாது. தோணியை எடுப்பவர் எங்களையும் எடுக்கலாமாம். நாங்கள் என்ன வலையா, கயிறா?

செத்துப்போன வெளிநாட்டு நாய்க்குப் பெயர்ப்பலகை. அந்த நாய்மீதுகூடக் கோபம்.

ஜூலை 23, புதன்

எனக்குக் காய்ச்சல், விழாவுக்கு வர முடியாது என்று டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பொய்க் காய்ச்சலுக்கு மாத்திரை கிடையாது. அழைப்பிதழ்ல பேர் போட்டாச்சு, ஒழுங்கா வந்து சேரு" என்றார்.

என் பெயர் மட்டும் எல்லா இடத்திலும் அச்சாகிறது.

ஜூலை 26, சனி

அம்மாவும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோம். பெரியப்பா தோணியை அடையாளம் கண்டுகொள்வாரா?

"கறுப்பு பூசிக்கிது. உள்ள எட்டிப் பாத்தாத்தானே" என்கிறாள் அம்மா.

அப்பாவும் பெரியப்பாவும் பத்து வருடம் ஒரே கரையில் வலை உலர்த்தியவர்கள். இருட்டில் நூறு தோணி வந்தாலும் எது யாருடையது என்று தண்ணீர் சத்தத்திலேயே சொல்வார் பெரியப்பா. அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கறுப்பு, கறுப்பு என்கிறாள்.

சீருடைக்கு இஸ்திரி போட்டேன். காலர் கொஞ்சம் பொசுங்கிவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு



கலெக்டர் அம்மா சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். யாருமே எதிர்பார்க்கவில்லை. மாலை போடுவதற்குள் உள்ளே நடந்துவிட்டார். மூவரில் ஒருத்தியான நஸ்ரின் ஜாடிகளை விளக்கினாள். கடைசிக் கூடத்தில் நான். பொதுமக்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அம்மா கயிற்றுக்குப் பின்னால், தூணை ஒட்டி நின்றாள். பஞ்சாயத்தாரும் பெரியப்பாவும் கயிற்றுக்கு முன்னால், வெள்ளை வேட்டியில்.

தார்ப்பாயை விலக்கினார்கள். நான் தொடங்கினேன். "இது ஏரித் தோணி. சுமார் நூறு ஆண்டுகள்…"

பெரியப்பா எட்டிப் பார்க்கக்கூட இல்லை. நேராக நடந்து வந்து தோணியின் முன் நுனியில் உள்ளங்கையை வைத்தார். 

"எல்லப்பன் தோணி" என்றார். "ஏ, எந்தம்பி தோணியாச்சே இது!"

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பில்லை, எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஏனென்றால் அந்தக் கண்ணைத் துடைக்காமலேயே அவர் திரும்பிக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினார். கண்டுபிடித்தார்.

"புயல்ல போச்சுன்ன?" என்றார். பிறகு சபரிநாதன் சாரிடம், "இது நம்ம ஊட்டுத் தோணி சார். பொம்பளை தெரியாத்தனமா இன்னாவோ பண்ணிக்கிறா. இன்னிக்கே நாங்க எடுத்துக்கினு போறோம். இன்னாப்பா?" என்றார். பின்னால் நின்ற வேட்டிகள் ஆமாம் என்றன. சபரிநாதன் சார் கைக்குட்டையைத் தேடினார். கலெக்டர் அம்மா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. மறைத்துவைக்க இனி ஒன்றும் இல்லை என்று அப்போது தோன்றியது. மறைவாக இருந்தவரைக்கும் அது எங்களைக் காப்பாற்றியது. இனி நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் அது பெரியப்பாவைத்தான் காப்பாற்றும்.

"ஆமாம்" என்றேன். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. நஸ்ரின் சொன்னது ஞாபகம் வந்து கொஞ்சம் மூச்சு விட்டேன். "இது என் அப்பா எல்லப்பன் கட்டிய தோணி. இதற்கு எட்டு வயதுதான் ஆகிறது. அப்பா இறந்த பிறகு இதை இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் என் அம்மா கஸ்தூரி. யாரும் வற்புறுத்தி வாங்கவில்லை, வேறு யாரும் கொண்டுவந்து தரவில்லை. புயல் ஓய்ந்த காலையில் அம்மா தானே துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார்."

தோணி பொய் சொல்லி மறைக்கப்பட்டது என்பதைக் கேட்டு யாரும் அதிர்ச்சியடையவில்லை. துடுப்பைக் கேட்டுத்தான் எல்லோருக்கும் மூச்சு நின்றது. "துடுப்பு புடிச்சாளா?" என்று ஒரு வேட்டி இன்னொரு வேட்டியைக் கேட்டது.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை இன்னொரு அறை அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து கயிற்றுக்கு அடியில் புகுந்து முன்னால் வந்தாள். கலெக்டர் அம்மா, "நீங்களா கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் அம்மா. "மனசாரத்தான் குடுத்தேன்."

கலெக்டர் அம்மா கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்ட வேண்டியதாயிற்று. புகைப்படக்காரர்கள் அம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். பெரியப்பாவின் கைகளும் பாதி தூரம் ஒன்றையொன்று நோக்கி வந்து, அப்படியே நின்றன.

"இவங்க பேர் பலகையில இல்லையே, ஏன்?" என்று கலெக்டர் அம்மா கேட்டார். சேர்த்துவிடுகிறோம் மேடம், சேர்த்துவிடுகிறோம் என்றார் சபரிநாதன் சார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். "இனிமே தூக்கம் வராது" என்றாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

கோயில் முன்னால் பஞ்சாயத்து. பெண்களைக் கூப்பிட்டால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அம்மா தள்ளி நின்றாள். நான் இன்னும் கிட்டே நின்றேன்.

முதல் கேள்வியே, "பொம்பளை துடுப்பு புடிக்கலாமா?"

"புடிச்சேன்" என்றாள் அம்மா. "ஏரி வத்திப் போச்சா?"

யாரோ பின்னால் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பெரியப்பா மெதுவாகப் பேசினார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கஸ்தூரி, நான் உன்னைக் கொற சொல்லல. நாளைக்குப் போய் அந்த ஆபீசர்கிட்ட, தெரியாம குடுத்துட்டேன்னு எழுதிக் குடு. தோணி ஊட்டுக்கு வரட்டும். புள்ளைய நான் பாத்துக்கறேன்."

"நீங்க மலரைப் பாத்துக்கினது போதும் மாமா."

பெரியப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத யாருடையதோ போல இருந்தது.

"தோணி எங்க கீதோ அங்க போய் எடுத்துக்குங்க" என்றாள் அம்மா எல்லோரையும் பார்த்து. "எடுக்கற ஆம்பளை, கலெக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கட்டும். பேப்பர்ல வேற வந்துடுச்சு."

நீண்ட நேரம் தாடிகளைத் தடவினார்கள். பிறகு தீர்ப்பு. ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய வீடு. அடுத்த சீட்டுக் குலுக்கும்வரை யாரும் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது, பேசக்கூடாது, திருவிழாவில் பங்கு இல்லை. கடைசியாக, மிகக் கடுமையான குரலில், "இனிமே அந்த ஊட்டுக்குத் தேசப்பன் பொறுப்பு இல்ல."

அதையும் தண்டனையாகத்தான் சொன்னார்கள். அம்மா தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஜூலை 31, வியாழன்

எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மளிகைக் கடையில் அரைக் கிலோ பருப்புக் கேட்டால் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். நஸ்ரின் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்தாள். "எங்களுக்கு உங்க பஞ்சாயத்து கெடையாதுல்ல" என்றாள். பையை வைத்துவிட்டு, "எத்தினி நாளைக்குடி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அழுதேன். கோபத்தில்தான்.

இறால் கொட்டகையில் அம்மாவைச் சுற்றி இடம் விட்டு உட்காருகிறார்களாம். கை வீசி உரிக்க வசதியாக இருக்கிறது என்கிறாள்.

ஆகஸ்ட் 2, சனி

பலகையை மாற்றிவிட்டார்கள் என்று டீச்சர் சொன்னார். அம்மாவுக்குக் காட்ட அழைத்துப் போனேன். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டாள், தலையில் பூ வைக்கப் போய் எடுத்துவிட்டாள், பிறகு யோசித்து மறுபடியும் வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் படிக்கிறேன் என்றேன். "இரு, நானே" என்று பலகைக்கு மிக அருகில் போனாள். 'புன்னைத்துறை மீனவர் எல்லப்பன் அவர்கள் கட்டிய தோணி.' அதைப் படித்து முடிக்க நிறைய நேரம் ஆனது. படித்துவிட்டு அப்பாவின் பெயர்மேல் விரலை வைத்தபடி நின்றாள். காவல்காரர் தொடக்கூடாது என்று சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த வரிக்குப் போனாள். 'நன்கொடை: குடும்பத்தினர்.'

"குடும்பத்தினர்னா?"

"வீட்டுக்காரங்கன்னு அர்த்தம்மா."

"எந்த வீட்டுக்காரங்க? தேசப்பன் மாமாவும் வீட்டுக்காரருதானே?"

எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் நான் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். இவ்வளவு படிக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

"துடுப்பு புடிச்சது குடும்பமா? ஊர் பேச்சு இல்லாம நிக்கறது குடும்பமா?" அம்மா நேராகச் சபரிநாதன் சார் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வாங்கம்மா, பாத்தீங்களா, நல்லா வந்திருக்கில்ல என்றார்.

"எம் பேரு எங்க சார்?"

"குடும்பத்தினர்னு போட்டிருக்கோமே…"

"அன்னிக்கு வேணாம்னு நான்தான் சொன்னேன். இன்னிக்கு வேணும்னு நான்தான் சொல்றேன். கஸ்தூரின்னு போடுங்க."

"போட்டுடலாம்மா. பலகை எழுதறவர் பட்டணம் போயிருக்காரு. சாயங்காலமோ, திங்கக்கிழமையோ வருவாரு. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் சொல்லி அனுப்பறேன்."

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். விருந்தினர்களுக்கான குஷன் வைத்த நாற்காலி ஒன்று சுவரோரம் இருந்தது. போய் அதில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"வரட்டும் சார். நான் இருக்கேன்."

சபரிநாதன் சார் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினார். வெளியே போனார். திரும்பி வந்தார். யாருக்கோ போன் பண்ணி, மெதுவான குரலில், எங்கப்பா இருக்கே என்று கேட்டார்.

மணி ஒன்றாகியிருக்கும். வயிறு சத்தம் போட்டது.

"பசிக்குதும்மா" என்றேன்.

"எனக்குந்தான்" என்றாள். "உக்காரு."